போரில் காயப்பட்டவருக்குக் குதிரைச் சவாரி ஏன்?

போரில் காலிழந்தவரைக் குதிரையில் ஏற்றுவதால் என்ன பயன்? இலங்கையின் பாலமுனையில் இப்படிக் கேட்டால் பலர் வியப்பார்கள். ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1969 முதலே உடற்குறை உள்ளோருக்கான சவாரி அமைப்புகள் இயங்குகின்றன.

எங்கே தொடங்கியது?
டென்மார்க்கின் லிஸ் ஹார்டல் 1944இல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தார். குதிரையில் ஏற, இறங்கப் பிறர் உதவி வேண்டியிருந்தது. ஆனாலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அந்த வெற்றி உலகெங்கும் பலருக்கு வழிகாட்டியது.

2006இல் அமெரிக்காவின் ஃபோர்ட் மயர் படைத்தளத்தில், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயப்பட்ட படையினருக்குச் சவாரி தொடங்கப்பட்டது. ஆர்லிங்டன் மயானத்துக்கு இறந்த வீரர்களின் பேழைகளை இழுத்துச் செல்லும் குதிரைகளே காயப்பட்டவர்களையும் சுமந்தன.

உடலுக்கு என்ன செய்கிறது?
நடக்கும் குதிரையின் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அசையும். நாம் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இப்படித்தான். அதனால் நடக்க முடியாதவரின் இடுப்புக்கும் நடையின் பழக்கம் கிடைக்கிறது. விழாமல் சமன்செய்ய வயிற்று, முதுகுத் தசைகள் ஓயாமல் உழைக்கின்றன.

மனதுக்கு?
குதிரை இயல்பிலேயே எச்சரிக்கையான விலங்கு. மேலிருப்பவர் பதறினால் அதுவும் பதறும். அதை அமைதியாக நடத்த அவர் முதலில் தன் மூச்சை நிதானப்படுத்த வேண்டும். போர் நினைவுகளால் மனம் பாதிக்கப்பட்ட 29 முன்னாள் படையினரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆறு வாரச் சவாரியில் அறிகுறிகள் குறைந்ததாக அது காட்டியது. ஆய்வு சிறியது, எனவே இதை மருந்துக்கும் உளவள ஆலோசனைக்கும் துணையாகவே கொள்ள வேண்டும்.

யாருக்கு ஆகாது?
கட்டுப்படாத வலிப்பு, உறுதியற்ற முதுகெலும்பு, ஆறாத படுக்கைப்புண் உள்ளவர்களுக்கு ஆபத்து. மருத்துவரின் அனுமதியும் பயிற்சி பெற்ற பயிற்றுநரும் அவசியம். தொடக்கத்தில் ஒருவர் குதிரையை நடத்த, இருவர் இருபுறமும் துணை நடப்பதுண்டு.

நமக்கு?
நெடுந்தீவில் குதிரைகள் உண்டே என்று கேட்கலாம். அவை கட்டின்றித் திரிபவை. இதற்குத் தேவை சாந்தமான, நன்கு பழகிய குதிரைகள்.

நம் நாட்டில் போர் முடிந்தது 2009இல். சீருடை அணிந்தவர்களும் அணியாதவர்களும் அதன் காயங்களோடு இன்னும் வாழ்கிறார்கள். குதிரை கிடைக்காவிட்டாலும் அதன் பாடம் நமக்குப் பொருந்தும்: காயம் ஆறியதோடு சிகிச்சை முடிவதில்லை. ஆதார வைத்தியசாலைகளின் பயிற்சிச் சிகிச்சையும் உளநல உதவியும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது அவர்களின் உரிமை.