பறிக்கும் முன் திருப்பிப் பாருங்கள்

கார்த்திகை மழையில் வேலியோரம் செங்காந்தள் பூத்தால் எல்லோருக்கும் தெரியும். நம் மாநில மலராயிற்றே. பூ இல்லாதபோது? இலை நுனியைப் பாருங்கள். நூலாக நீண்டு சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்திருக்கும். மண்ணுக்கடியில் ஏர்க்கலப்பைபோல வளைந்த கிழங்கு. அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்ற பெயர். கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். வள்ளிக்கிழங்கு என்று எண்ணி அவித்துத் தின்று செத்தவர்கள் உண்டு. அதிலுள்ள கால்ச்சிசின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. தின்ற கையோடு ஒன்றும் செய்யாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை மூலிகை நடைகளுக்குக் கூட்டம் சேர்வதில் எனக்கு மகிழ்ச்சியே. ஒரு நடையில் கீழாநெல்லி என்று நான் பறித்ததை வாங்கிப் பார்த்த பாட்டி, "திருப்பிப் பாரு கண்ணு" என்றார். இலைக்கடியில் கடுகு கடுகாகக் காய் வரிசை இருக்க வேண்டுமாம். என் கையிலிருந்ததில் ஒன்றுகூட இல்லை. கைப்பேசிச் செயலி அதையும் கீழாநெல்லி என்றே சொல்லியிருந்தது! வழிகாட்டியிடம் முதலில் கேளுங்கள்: இதன் சாயலில் வேறு எந்தச் செடி இருக்கிறது? தடுமாறினால், அவர் காட்டும் எதையும் வாயில் வைக்காதீர்கள். சாக்கடையோரக் கீரையும், மருந்தடித்த வயல் வரப்புக் கீரையும் சரியான கீரையாகவே இருந்தாலும் வேண்டாம்.

இடம் யாருடையது என்பதும் முக்கியம். பட்டா நிலமென்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். சரணாலயத்தில் செடி பிடுங்குவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வழிகாட்டி "பரவாயில்லை" என்றால் அது அனுமதி ஆகிவிடாது. காலங்காலமாகச் சேகரித்துவந்த சிறு வன மகசூலை எடுக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. அவர்களோடு நடந்துபோனதால் அது நமக்கு ஒட்டிக்கொள்ளாது.

கட்டணம் கட்டிப் போனவர் நுகர்வோர். ரசீது வாங்கி வையுங்கள். வழிகாட்டியின் கவனக்குறைவால் பாதிப்பு வந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.

தவறாக எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கவும் வேண்டாம், 108ஐ அழையுங்கள். தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, இலையோ கிழங்கோ, மிச்சமிருப்பதை ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.