கற்பனைக் காவற் கம்பனியின் படைக்கலக் கோவை

இன்றைய மாணவருள் கதை புனைவோரும் கணினி விளையாட்டுக்களில் ஈடுபடுவோரும் பலர். அவர்கள் விரும்பி மேற்கொள்ளும் கற்பனைகளுள் ஒன்று, உலகில் இல்லாத தனியார் காவற் கம்பனி ஒன்றைப் படைத்து, அதன் காவலர்க்கு இன்ன துப்பாக்கியோடு இன்ன துப்பாக்கி பொருந்தும் என வகுத்தலாகும். முதியோர் சிலர் இதனை வீண்பொழுதுபோக்கெனத் தள்ளுவர். அங்ஙனம் தள்ளவேண்டுவதில்லை. இராமனுக்குக் கோதண்டம், அருச்சுனனுக்குக் காண்டீபம், வீமனுக்குக் கதை, முருகனுக்கு வேல் எனப் படைக்கலத்தைக் கொண்டே ஆளை அறியவைத்தவர் நம் முன்னோர். ஆயின், கற்பனைக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணம் யாது என்பதைச் சரித்திரச் சான்றுகளைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குழுவினர் ஒருங்கே தாங்கும் கருவிகளின் தொகுதியை ஈண்டுக் கோவை என்போம். மணிகளைச் சேர்த்துக் குவித்த மாத்திரத்தில் மாலை ஆகாது. அவற்றினூடே ஒரு நூல் ஓடவேண்டும். கோவைக்கு அத்தகைய நூல்கள் நான்கு உள. அவை தொழில், தோட்டா, முத்திரை, சட்டம் என்பன.

முதலாவது தொழில். 1852 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட வெல்ஸ் பார்கோ என்னும் கம்பனி, கலிபோர்னியாவின் பொன்னைக் குதிரைவண்டிகளில் ஏற்றிச் சென்றது. சாரதியின் அருகே இருந்த காவலன் தாங்கியது நெடுந்தூரம் சுடும் றைபிள் அன்று. குறுகிய இரட்டைக்குழல் துவக்கே. காரணம் எளிது. குலுங்கி ஓடும் வண்டியிலிருந்து குறிபார்த்தல் அரிது. கள்வரோ வழியின் திருப்பத்தில் மிக அண்மையில் தோன்றுவர். சிதறிப் பாயும் சன்னங்களே அவ்விடத்துக்கு ஏற்றவை. பெருமை மிக்க துப்பாக்கி எது என்று அக்கம்பனி வினவவில்லை. எங்கே, எவ்வளவு தூரத்தில், எதனைக் காக்கவேண்டும் என்றே வினவியது. கற்பனைக் கம்பனியை அமைப்போரும் முதலில் வினவவேண்டியது இதுவே.

இரண்டாவது தோட்டா. 1873 இல் வின்செஸ்டர் தொழிற்சாலை, நெம்புகோலால் இயங்கும் தன் புகழ்பெற்ற றைபிளை வெளியிட்டது. அதற்கெனச் செய்யப்பட்ட தோட்டாவையே ஏற்கும் சுழல்துப்பாக்கியைக் கோல்ட் தொழிற்சாலை சில ஆண்டுகளின்பின் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன்பின் ஒருவன் இடுப்புவாரில் ஒரேவகைத் தோட்டாவைச் செருகிக்கொண்டு, அதனையே நீண்ட துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் வழங்கலாயினன். நகரத்துக்கு அப்பால் பல நாட் பயணஞ் செய்வோனுக்கு இஃது உயிர்காக்கும் வசதி. பத்துக் காவலர் பத்துவகைத் தோட்டாவைச் சுமந்தால், ஆபத்து வேளையில் ஒருவர் மற்றொருவர்க்கு உதவ இயலாது. அழகுக்காக வெவ்வேறு நாட்டுத் துப்பாக்கிகளைக் கலந்து அடுக்கும் இளைஞர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே.

மூன்றாவது முத்திரை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் துப்பாக்கிகளில், நான்காகப் பகுக்கப்பட்ட இதயவடிவத்துள் அக்கம்பனியின் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் பின்னங்காலூன்றி எழுந்து நிற்கும் சிங்கம் அதன் இடத்தைப் பெற்றது. இக்கம்பனி தன் படைக்கெனச் செலவு குறைந்த துப்பாக்கி வகையொன்றைச் செய்வித்தது. 39 அங்குலக் குழலை உடைய அது, அரசாங்கத்தின் 42 அங்குலத் துப்பாக்கியிலும் சிறியது, விரைவிற் செய்யத்தக்கது. 1790களில் பிரான்சுடன் போர் மூண்டு துப்பாக்கிக்குப் பஞ்சம் வந்தபோது, பிரித்தானிய அரசாங்கமே கம்பனியின் இவ்வகையைத் தனதாக்கிக்கொண்டது. அரசனைப் பார்த்துக் கம்பனி கற்றல் இயல்பு. ஈண்டோ கம்பனியைப் பார்த்து அரசன் கற்றான்.

நான்காவது சட்டம். சோமாலியக் கடற்கொள்ளையரின் தொல்லை 2008 ஆம் ஆண்டளவில் மிகுந்தபின், வணிகக் கப்பல்கள் பல தனியார் காவலரை ஏற்றிக்கொண்டன. பெரும்பாலும் நால்வர் கொண்ட குழுவினர் றைபிள் தாங்கிச் சென்றனர். கொள்ளையரின் சிறுபடகு கப்பலை அணுகி ஏணி சாத்துமுன், தொலைவிலேயே எச்சரித்துத் தடுத்தல் அவர் கடமை. ஆதலின், வெல்ஸ் பார்கோவின் குறுந்துவக்கு அங்கே பயன்படாது. நம் நாட்டுக் காலித் துறைமுகம் இக்காவலர் ஏறி இறங்கும் இடங்களுள் ஒன்றாயிற்று. தம் துறைமுகத்துள் ஆயுதம் வருவதைச் சில நாடுகள் தடுத்தமையால், நடுக்கடலில் மிதக்கும் ஆயுதக் களஞ்சியங்களும் தோன்றின. கைக்கொள்ளும் கருவியை வகுப்பதில் கடலுக்கு உள்ள பங்கு சட்டத்துக்கும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இந்நான்கினையும் கொண்டு நம் கற்பனைக் கம்பனிக்குக் கோவைகள் அமைப்போம். பெயரை வாசகரே இட்டுக்கொள்க. செல்வம் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு முதற் கோவை: அண்மையிற் பயன்படும் இரட்டைக்குழல் துவக்கு ஒன்று, ஏனையோர்க்கு ஒரேவகைக் கைத்துப்பாக்கி. கப்பலுக்கு இரண்டாங் கோவை: நால்வர்க்கும் ஒரே தோட்டாவை ஏற்கும் றைபிள், அவற்றுக்கு முன்னே ஒலிபெருக்கியும் ஒளிவிளக்கும். பெரியாரொருவரின் இல்லத்துக்கு மூன்றாங் கோவை: உடையுள் மறையும் கைத்துப்பாக்கி மட்டும், அண்டைவீடுகள் சூழ்ந்த தெருவில் நெடுந்தூரம் பாயும் குண்டு காவலன்று, கேடேயாம். மூன்று கோவைக்கும் ஒரே முத்திரை, ஒரே நிறம், ஒரே பெயர்வரிசை. இங்ஙனம் அமைத்தால் வாசகன் ஆயுதத்தைக் கண்டமாத்திரத்தில் காவலனின் தொழிலை உணர்வான்; கதையும் நம்பத்தக்கதாகும்.

இம்மட்டில் நிறுத்தினால், ஔவையார் கண்ட தொண்டைமானின் படைக்கொட்டில்போல் நம் கற்பனை முடிந்துவிடும். நெய் பூசி, மாலை சூட்டி, அழகுற அடுக்கிய படைக்கலங்களைக் கண்ட அப்புலவர், அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன எனப் பாடிய செய்தி புறநானூறு கற்றோர் அறிந்ததே. கருவி அழகுப்பொருள் அன்று. அது ஒருநாள் ஒருவர்மேற் பாயும். அந்நாளில் விடைசொல்ல வேண்டியவர் யார்?

2007 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் நாள், பக்தாத் நகரின் நிசூர் சதுக்கத்தில், பிளாக்வாட்டர் என்னும் அமெரிக்கத் தனியார் கம்பனியின் காவலர், வாகனங்கள் நெருங்கி நின்ற நாற்சந்தியிலே சுட்டனர். ஈராக்கியப் பொதுமக்கள் பதினெழுவர் மாண்டனர். அக்காவலர் வைத்திருந்தவை இயந்திரத் துப்பாக்கிகளும் கிரனேட் எறியும் கருவிகளுமாம். போர்க்களத்துக்குரிய கோவை கடைவீதிக்குள் வந்திருந்தது. 2004 ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்றினால் இத்தகையோர் ஈராக்கிய நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டிருந்தனர். 2014 இல் அமெரிக்க நீதிமன்றம் நால்வரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. 2020 இல் அந்நால்வர்க்கும் ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்தது. கம்பனிகளைப் பயன்படுத்தும் நாடுகளின் கடமைகளை எடுத்துரைக்கும் மொன்றூ ஆவணத்தை 2008 இல் 17 நாடுகள் ஏற்றனவெனினும், அது கட்டுப்படுத்தும் சட்டமன்று.

இது நமக்கு அயலான செய்தியும் அன்று. போர்தொடுக்கவும் கோட்டை கட்டவும் 1602 இலேயே உரிமைச் சாசனம் பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிற்று. 1795 இல் ஆங்கிலக் கம்பனியின் படை அதனைப் பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு, கணக்கேடும் துப்பாக்கியும் ஒரே கையிலிருக்க, வணிகர் கூட்டமொன்றே நம் முன்னோரை ஆண்டது. அண்மைக் காலத்தில், 1980களில், இலங்கையின் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்ததும் கீனி மீனி சேர்விசஸ் என்னும் பிரித்தானியத் தனியார் கம்பனியே.

ஆகவே, நான்கு நூல்களோடு ஐந்தாவது ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். அது பதிவேடு. எந்தத் தோட்டா யாரிடம் கொடுக்கப்பட்டது, எங்கே சுடப்பட்டது, ஏன் சுடப்பட்டது, அதனை விசாரிக்கும் நீதிமன்றம் எது என்னும் வினாக்களுக்கு அவ்வேட்டில் விடை இருத்தல் வேண்டும். கம்பனி எதனைத் தாங்குகின்றது என்பது அதன் வலிமையைக் காட்டும். எதனைத் தாங்க மறுக்கின்றது என்பதே அதன் ஒழுக்கத்தைக் காட்டும். கதையெழுதும் மாணவன் அப்பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் தன் கதையிற் புகுத்துவானாயின், எத்துணைத் துப்பாக்கி வருணனையாலும் பெறமுடியாத சுவை அதிற் பிறக்கும். ஒரு தோட்டா குறைகின்றது, அதற்குக் கணக்கில்லை என்ற ஒற்றை வரியிலிருந்து ஒரு நல்ல கதை தொடங்கலாம்.

கற்பனை செய்க, தடையில்லை. காவலன் கையில் துப்பாக்கியைக் கொடுக்குமுன், அவனிடம் கணக்குக் கேட்பவனையும் படைத்துவிடுக.