வாயிலோடு நின்றுவிடும் காப்பீடு: மாற்றியமைத்த காருடன் முதல் டிராக் டே

வாகனக் கடன் பெற்ற இளம் வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, கடன் மேசைக்குச் சற்றுப் புதியது. அகன்ற டயர், தாழ்த்திய ஸ்பிரிங், மாற்றிய சைலன்சர் என்று ஆசையோடு செலவிட்டுச் செம்மைப்படுத்திய காரைத் திருவனந்தபுரத்திலிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுசென்று, அங்குள்ள பந்தயத்தடத்தில் ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாமா, அதற்குக் காப்பீடு உண்டா என்பதே அக்கேள்வி. முற்பாதிக்கு எங்கள் விடை, தாராளமாக ஓட்டலாம் என்பது. பிற்பாதிக்கு விடை, பெரும்பாலும் இல்லை என்பது. பலரும் முதல் விடையோடு புறப்பட்டுவிடுவதால், இரண்டாவதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஆசையை நாங்கள் குறைகூறவில்லை. கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையில் நள்ளிரவில் காரின் திறத்தைச் சோதிப்பதைக் காட்டிலும், வேலியிட்ட தடத்தில், ஆம்புலன்ஸ் அருகே நிற்க, எதிரே வாகனம் வராது என்ற உறுதியுடன் ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல். பொதுச்சாலையில் அனுமதியின்றி வேகப்போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்கும் இடந்தரும் குற்றம். டிராக் டே எனப்படுவது அதற்கான முறையான மாற்று. கட்டணம் செலுத்திப் பதிவு செய்தவர்கள், அனுபவத்திற்கேற்பக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, 15 அல்லது 20 நிமிடங்கள் கொண்ட முறைகளில் தங்கள் சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டுவார்கள். வெற்றி தோல்வி கிடையாது, பரிசும் கிடையாது. முந்திச் செல்வதும் குறித்த நேர்ப்பாதைகளில், முன்னே செல்பவர் கைகாட்டிய பின்னரே வழக்கம்.

திருவனந்தபுரத்து வாசகர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ள தடங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே 2.1 கிலோமீட்டர் நீளமுடையது, 2003இல் திறக்கப்பட்டது. மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு மலிவான பந்தயக் கார்களை உருவாக்கி, நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களுக்கும் இவ்விளையாட்டின் கதவைத் திறந்துவிட்ட எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கியது அத்தடம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990 முதல் இயங்குகிறது, நீளம் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்னர் சென்னைப் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன என்பது மூத்த வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். முதல் அனுபவத்திற்கு எங்கள் பரிந்துரை செட்டிப்பாளையமே. தடம் சிறியது, வாளையாறு வழியில் சென்றால் தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். சென்னை அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

இனிக் காப்பீட்டுக்கு வருவோம். உங்கள் காரின் பாலிசியை எடுத்து, “பயன்பாட்டு வரம்புகள்” என்ற பத்தியைப் படியுங்கள். தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசியில், வாடகைக்கு ஓட்டுதல், சரக்கு ஏற்றுதல் ஆகியவற்றோடு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் ஓட்டம் ஆகியவையும் விலக்கப்பட்டிருக்கும். இது சொந்தக் காரின் சேதத்திற்கு மட்டும் உரிய விலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். வரம்பு மீறிய பயன்பாடு பொதுவிலக்குகளின் பட்டியலில் இடம்பெறுவதால், உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் அதே வரம்புக்கு உட்பட்டதுதான். தனியாக எடுத்த விபத்துப் பாலிசிகளிலும், ஆயுள் காப்பீட்டோடு சேர்த்து வாங்கும் விபத்து இணைப்புகளிலும் பந்தயம் பற்றிய விலக்கு பெரும்பாலும் உண்டு.

“டிராக் டே பந்தயம் ஆகாதே” என்று சிலர் வாதிடுவர். வாதம் தவறன்று, ஆனால் “வேகச் சோதனை” என்ற சொல் அதே வரியில் காத்திருக்கிறது. இந்த வாதத்தை விபத்திற்குப் பின்னர் நடத்துவதைவிட, போகுமுன் காப்பீட்டு நிறுவனத்திற்கு இரண்டு வரி எழுதி, எழுத்திலேயே பதில் பெறுவது நல்லது. வாய்மொழி உறுதியைப் பொருட்படுத்த வேண்டாம், அதைச் சொல்பவர் எவ்வளவு அன்பானவராயினும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தடத்தில் அடிபட்ட காரை வெளியே எடுத்துவந்து, நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்ததாகக் கோரிக்கை அளிக்கும் யோசனையை யாரேனும் நண்பர் சொல்லக்கூடும். காப்பீடு முழு நல்லெண்ணத்தின் அடிப்படையில் நிற்கும் ஒப்பந்தம். பொய்க் கோரிக்கை மோசடி. தடுப்பில் ஒதுங்கிய பெயின்ட், உருகித் தேய்ந்த டயரின் விளிம்பு, அன்றைய தினமே வெளியான நண்பர்களின் காணொளி இவையெல்லாம் ஆய்வாளரின் கண்ணுக்குத் தப்புவதில்லை. கோரிக்கை மறுக்கப்படுவதோடு விஷயம் முடியாது. குற்ற வழக்கு வரை செல்லலாம். ஒரு காரின் இழப்பைத் தாங்கிக்கொண்டு எழுந்துவிட முடியும். பணியிலிருக்கும் ஒருவர் மீது மோசடி வழக்கு ஏறினால் எழுவது கடினம்.

கடன் நிலுவையில் இருந்தால் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. 8 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளுக்குப் பெற்றிருப்பதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் 3 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள்; எனினும் அசல் நிலுவை 6 லட்சத்து 20 ஆயிரம் அளவில் நிற்கும், ஏனெனில் தொடக்க ஆண்டுத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம். அந்த நிலையில் கார் ஒரு வளைவில் நொறுங்கி, காப்பீடும் கைவிட்டால், இல்லாத காருக்கு இன்னும் 60 தவணைகள் கட்ட வேண்டியிருக்கும். கார் வங்கிக்கு ஈடாக உள்ள பொருள். ஈடு அழிந்தாலும் கடன் அழிவதில்லை. எனவே கடனில் உள்ள காரை முதல் டிராக் டேக்கு எடுத்துச்செல்ல வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கடன் தீர்ந்த பழைய ஹேட்ச்பேக் ஒன்று போதும். தடங்களில் பயிற்சிப் பள்ளிகள் தம் வாகனங்களிலேயே கற்றுத்தரும் வகுப்புகளும் நடைபெறுகின்றன. இதற்கெனத் தனிநபர் கடன் கேட்டு வருவோரிடமும் நாங்கள் இதையே சொல்கிறோம். வங்கி கடன் வேண்டாம் என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். திருப்பிச் செலுத்த இயலாத கடனால் வங்கிக்கும் பயனில்லை.

மாற்றியமைப்புக்குச் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. இப்பிரிவின் பொருள் பற்றிய வழக்கு கேரளத்திலிருந்தே எழுந்தது. உயர் நீதிமன்றம் வாகன உரிமையாளர்களுக்குச் சாதகமாகக் கண்ட பொருளை ஏற்காது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான விளக்கத்தை அளித்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. “ஒவ்வொரு மாற்றத்திற்கும்” என்ற சொற்களைக் கவனியுங்கள். தடத்தினுள் எவரும் ஆர்.சி.யைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அங்கே செல்ல 400 கிலோமீட்டர், திரும்ப 400 கிலோமீட்டர் பொதுச்சாலையில்தான் அக்கார் ஓடியாக வேண்டும். வாளையாறு வழியாயினும் ஆரல்வாய்மொழி வழியாயினும் மாநில எல்லையைக் கடந்தாக வேண்டும். மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காமலிருந்தால், திரும்பும் வழியில் நேரும் சாதாரணச் சாலை விபத்திற்கான கோரிக்கையும் சிக்கலில் மாட்டும். கடன் உள்ள காரை மாற்றியமைக்க வங்கியின் எழுத்துமூல ஒப்புதலும் தேவைப்படும். கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

ஆகவே செலவிட எண்ணும் தொகையை எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதில் போடாமல், பிரேக்கில் போடுவதே அறிவுடைமை. மகிழ்ச்சி தரும் செய்தி என்னவெனில், இதற்குச் சட்டச் சிக்கலும் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. ஓட்டுநரோடு சேர்ந்து 1,100 கிலோ எடையுள்ள கார் 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்குக் குறையும்போது, பிரேக்குகள் உள்வாங்கும் வெப்பம் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சாலையில் இத்தகைய பிரேக் நாளுக்கொருமுறை வந்தாலே அதிகம். தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் வரும், டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்தது வரும்.

இதில் முதலில் தோற்பது பிரேக் எண்ணெய். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; உரிய அளவு நீர் கலந்துவிட்டால் அதற்கான தர வரம்பு 155 டிகிரிதான். ஆண்டுக்கு இரு பருவமழை காணும் நம் கடலோர நகரில், மூன்றாண்டுப் பழைய எண்ணெயோடு தடத்திற்குச் செல்வது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உருவாகும். குமிழ் அமுங்கும், ஆனால் அழுத்தத்தைக் கடத்தாது. மிதி தரை வரை இறங்கிவிடும், கார் நிற்காது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் புதிய டாட் 4 அல்லது டாட் 5.1 எண்ணெய் நிரப்பச் செய்யுங்கள். டாட் 5 என்ற பெயரில் வருவது சிலிக்கான் வகை. அதை இவற்றோடு கலக்கக்கூடாது. பேட்டின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பாதி தேய்ந்த பேட் சாலைக்குப் போதும், தடத்திற்குப் போதாது.

டயரின் பக்கச்சுவரில் நான்கிலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உற்பத்தியானது என்று பொருள். ரப்பர் இறுகிய பழைய டயரோடு வளைவில் நுழைய வேண்டாம். ஓட ஓடக் காற்றழுத்தம் உயரும். ஒவ்வொரு முறை முடிந்ததும் அளந்து, கூடியதைச் சிறிது இறக்குவது வழக்கம். இறக்கியதை ஊர் திரும்புமுன் மீண்டும் ஏற்ற வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். எஞ்சின் எண்ணெய் மேல்கோடு வரை இருக்கட்டும். நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, பம்பு வறண்டு உறிஞ்சக்கூடும்.

அன்றைய நாளில், பதிவின்போது தரப்படும் பொறுப்பு விடுவிப்புப் படிவத்தைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். தடுப்பையோ தடத்தின் பிற பொருளையோ சேதப்படுத்தினால் யார் ஈடுசெய்வது என்பது அதில் இருக்கும். முழுமுகத் தலைக்கவசம், பருத்தி முழுக்கைச் சட்டை, மூடிய காலணி வேண்டும். இருக்கைக்கடியில் உருளும் தண்ணீர்ப் புட்டி பிரேக் மிதியின்கீழ் சென்று சிக்கும்; காரைக் காலி செய்யுங்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகத் திரும்ப வேண்டும். நீலக் கொடி, பின்னே வேகமான கார் வருகிறது என்பதற்கு. எஞ்சியவற்றைக் காலை விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள். அதற்குத் தாமதமாக வந்தவரை உள்ளே விடாத ஏற்பாட்டாளரே நல்ல ஏற்பாட்டாளர்.

ஒவ்வொரு முறையின் கடைசிச் சுற்றையும் பிரேக் அதிகம் தொடாது மெதுவாக ஓட்டினால் டிஸ்க்குகள் ஆறும். காரை நிறுத்தியதும் கைபிரேக்கை இழுக்க வேண்டாம். கொதிக்கும் பேட் டிஸ்க்கோடு ஒட்டும். கியரில் விட்டு, சக்கரத்திற்குக் கட்டை வையுங்கள். மாலையில் களைப்போடு 400 கிலோமீட்டர் திரும்புவதைக் காட்டிலும் கோயம்புத்தூரில் ஓர் இரவு தங்கிவிடுவது சிக்கனமே. மறுநாள் காலை பேட்டின் எஞ்சிய கனத்தைப் பார்த்து, டயர்களில் சாலைக்குரிய காற்றை நிரப்பி, சக்கர நட்டுகளை ஒருமுறை முறுக்கிச் சரிபார்த்த பின் புறப்படுங்கள்.