‘ரேம் அப்புறம் போட்டுக்கலாம் சார்!’ - சின்ன லேப்டாப் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதல் வேலை, 30 ஆயிரம் ரூபாய் பட்ஜெட். தேவையும் பெரிதில்லை. மெயில், எக்ஸெல், நாளுக்கு ரெண்டு வீடியோ மீட்டிங், ராத்திரியில் ஒரு படம். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றால் தோள் வலிக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்படி ஒன்றைத் தேடி ஷாப்பிங் ஆப்பைத் திறந்தால், ஒன்றேகால் கிலோ எடையில் ஒல்லியான லேப்டாப்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. விலையும் கைக்கு அடக்கமாக இருக்கிறது. சிக்கல் தெரிவது சில மாதங்கள் கழித்துத்தான். குரோமில் நாலு டேப் திறந்தால் திணறுகிறது. ‘இடம் போதவில்லை’ என்று விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்கிறது. இஎம்ஐ மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

பழி பெரும்பாலும் பிராசஸர் மீது விழும். ஆனால் இந்த விலையில் லேப்டாப்பின் ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: ரேம், ஸ்டோரேஜ். அதிலும் முக்கியமானது, இவற்றைப் பின்னால் மாற்ற முடியுமா என்பது.

பற்றவைத்த ரேம்

ஒரு காலத்தில் லேப்டாப்பின் அடியில் ரெண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ரேம் குச்சி தெரியும். கூடுதலாக ஒன்றை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று கடைக்காரர் சொல்வது அந்தக் காலத்துப் பழக்கம். இன்றைய ஒல்லி லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அதைக் கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. விவரப் பட்டியலில் ரேம் வகை ‘எல்பிடிடிஆர்’ என்று தொடங்கினால், அது பற்றவைத்த ரேம் என்றே எடுத்துக்கொள்ளலாம். வெறும் ‘டிடிஆர்4’ என்றிருந்தாலும் ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடையிலேயே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. டிஸ்ப்ளேவில் இருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, பிறகு ‘மெமரி’. கீழே ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் பற்றவைத்தது. பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ்’ என்று எந்த எண்ணைக் காட்டினாலும் அதை நம்ப வேண்டாம்.

விண்டோஸ் 11 ஓட 4 ஜிபி ரேம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. இன்ஸ்டால் ஆகும், ஓடும். வேலை செய்ய வசதியாக இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. எதையும் திறக்கும் முன்பே அதில் பாதிக்கும் மேல் விண்டோஸுக்கே போய்விடும். மிச்சத்தில் குரோமும் வீடியோ மீட்டிங்கும் இடம்பிடிக்க வேண்டும். 8 ஜிபி என்பது இன்று குறைந்தபட்சம். 4 ஜிபி பற்றவைத்த மாடலை எந்த ஆஃபரிலும் தொட வேண்டாம்.

பரணும் ஏணியும்

ரேம் குறைந்தால் ஏன் இவ்வளவு மெதுவாகிறது? ரேமைச் சமையல் மேடை என்று வைத்துக்கொண்டால், ஸ்டோரேஜ்தான் பரண். மேடை நிறைந்துவிட்டால் விண்டோஸ் சில பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, தேவைப்படும்போது இறக்கும். ஒவ்வொரு முறை டேப் மாற்றும்போதும் இந்த ஏற்றி இறக்கல் நடக்கும். ஏணி நல்லதாக இருந்தால் பெரிதாகத் தெரியாது. ஏணியே ஆட்டம் கண்டால்?

விலை குறைந்த லேப்டாப்பில் அந்த ஆடும் ஏணிக்குப் பெயர் இஎம்எம்சி. விலை மலிவான போன்களில் இருக்கும் அதே வகை ஸ்டோரேஜ். இதன் வேக உச்சவரம்பே நொடிக்கு 400 எம்பி; நடைமுறையில் அதைவிடக் குறைவு. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை போகும். என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் பழைய தலைமுறையிலேயே 3,500 எம்பி வரை தொடுபவை உண்டு. அதைவிட முக்கியம், இஎம்எம்சியும் போர்டில் பற்றவைக்கப்பட்டதே. அது பழுதானால் கழற்றிப் புதிதாக மாட்ட முடியாது. மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள், அந்தச் செலவுக்கு இன்னொரு லேப்டாப்பை யோசிக்கலாம்.

64 ஜிபி இஎம்எம்சியோடு வரும் மாடல்களில் இன்னொரு தலைவலியும் உண்டு. விண்டோஸும் கூடவே வரும் ஆப்களும் போக மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். பெரிய அப்டேட் வரும்போது அதற்கும் தற்காலிகமாகப் பல ஜிபி தேவைப்படும். இடமில்லையென்றால் அப்டேட் நின்றுபோகும், அதோடு பாதுகாப்புத் திருத்தங்களும் தடைபடும். வங்கிக் கணக்கைத் திறக்கும் லேப்டாப்பில் இது சின்ன விஷயமில்லை. பட்டியலில் ‘128 ஜிபி ஸ்டோரேஜ்’ என்று மட்டும் போட்டு வகையைச் சொல்லாமல் விட்டிருந்தால் சந்தேகப்படலாம். எஸ்எஸ்டியாக இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் போடாமல் விடமாட்டார்கள்!

இந்தச் சிக்கனத்துக்கு வயது அதிகம். 2007இல் ஏசஸ் கொண்டுவந்த ‘ஈ பிசி’ நெட்புக்கில் 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி ஸ்டோரேஜ்தான். அது ஓட்டியது எடை குறைந்த லினக்ஸ் என்பதால் சமாளித்தது. இன்று அதே சிக்கனத்தைச் செய்துவிட்டு மேலே முழு விண்டோஸை ஏற்றுவதுதான் பிரச்சினை.

பெயரில் என்ன இருக்கிறது?

மெயில், எக்ஸெல் அளவுக்கு இன்டெல் என்100 பிராசஸரே போதும். 2023இல் வந்தது, 4 கோர், மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். ஃபேன் இல்லாமலே ஓடும் மாடல்களும் உண்டு. தவிர்க்க வேண்டியது 2 கோர் மட்டுமே கொண்ட செலரான் என்4020 போன்ற பழைய சரக்கு.

பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற வாய்ப்பிருக்கிறது. ‘கோர் ஐ3-என்305’ என்பதில் ‘ஐ3’ இருந்தாலும், அது என்100இன் குடும்பத்துப் பெரியண்ணன்தான். வேகமான பெரிய கோர்கள் அதில் கிடையாது. மோசமான சிப் இல்லை, ஆனால் வழக்கமான ஐ3 என்று நினைத்து விலை கொடுக்கக் கூடாது. ஏஎம்டியில் ‘ரைசன் 5 7520யூ’ என்பதைப் பார்த்தால் 7000 வரிசை, புத்தம் புதுசு என்று தோன்றும். மூன்றாவது இலக்கமான ‘2’தான் உண்மையைச் சொல்கிறது. உள்ளே இருப்பது 2019இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு. இந்தச் சிப்புக்கான ரேமும் எல்பிடிடிஆர்5. அதாவது, வாங்கும்போது இருப்பதுதான் கடைசி வரைக்கும்.

திரை, சார்ஜர்

11.6 அங்குலத் திரை தூக்கிச் செல்லச் சுகம், தினமும் எக்ஸெல் பார்க்கக் கஷ்டம். அதில் பெரும்பாலும் 1366க்கு 768 ரெசல்யூஷன்தான் வரும். 14 அங்குலம், 1920க்கு 1080, ஐபிஎஸ் பேனல், ஒன்றரை கிலோவுக்குள் எடை - இதுதான் பலருக்கும் பொருந்தும் அளவு. டிஎன் பேனலைக் கண்டுபிடிப்பது எளிது. திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாலே நிறம் வெளுத்துப்போகும்.

‘10 மணி நேர பேட்டரி’ என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு வாட்-அவர் எண்ணைப் பார்க்கலாம். 42 வாட்-அவர் பேட்டரி, சராசரியாக 7 வாட் இழுக்கும் லேப்டாப் என்றால் 6 மணி நேரம். கணக்கு அவ்வளவுதான். யூஎஸ்பி-சி போர்ட் இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை. சில மாடல்களில் அது டேட்டாவுக்கு மட்டுமே. சார்ஜரைச் செருகிக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் பழைய ஆபீஸ் லேப்டாப்புகள் - திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் - பலவற்றில் கீபோர்டும் கட்டமைப்பும் புது மலிவு மாடலைவிடத் தரமாக இருக்கும். எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டலாம், பல மாடல்களில் ரேமையும்.

ஆனால் ஒரு எண் முக்கியம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-7300யூ, ஐ5-8350யூ இரண்டையும் ‘ஐ5 லேப்டாப்’ என்றே விற்பார்கள். முன்னது 7ஆம் தலைமுறை, 2 கோர், அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. பின்னது 4 கோர், பட்டியலில் இருக்கிறது. ‘விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன்’ என்று குறுக்கு வழியில் ஏற்றித் தருபவர்கள் உண்டு; பின்னால் அப்டேட் ஒழுங்காக வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பேட்டரி தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

குரோம்புக், வேலை முழுக்க பிரவுசரிலேயே முடிகிறவர்களுக்கு நல்ல தேர்வு. குறைந்த ரேமிலும் வேகமாக ஓடும். டாலி வேண்டும் என்பவர்களுக்கு அது ஒத்துவராது. 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 ஆண்டு அப்டேட் தருவதாக கூகுள் 2023இல் அறிவித்தது. அந்த 10 ஆண்டு, வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வன்பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. தள்ளுபடியில் கிடக்கும் பழைய மாடலுக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை கூகுளின் உதவிப் பக்கத்தில் மாடல் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பெட்டி பிரிக்கும்போது

பல விண்டோஸ் லேப்டாப்புகளோடு எம்எஸ் ஆஃபீஸ் சேர்ந்தே வரும். அது ஓராண்டு சந்தாவா, ஆயுள் முழுக்கவா என்று பில் போடும் முன்பே கேட்க வேண்டும். அந்த ஆஃபீஸ், முதல்முறை ஆக்டிவேட் செய்யும் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பிணைந்துவிடும். ‘நாங்களே செட்டப் பண்ணித் தர்றோம்’ என்று கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியில் ஆன் செய்தால், காசு கொடுத்து வாங்கிய ஆஃபீஸ் அந்த ஐடிக்குப் போய்விடும். முதல் சுவிட்சை வாங்கியவரே, தன் சொந்த மெயில் ஐடியில் போடட்டும். அப்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெட்டியில் அச்சிட்ட ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால், ரிட்டர்ன் செய்யும் நாட்கள் கையில் மிச்சமிருக்கும்.