உங்களுக்குத் தெரியுமா? சறுக்கும் சக்கரத்துக்கு ஒரு கடிவாளம்

★ கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். மாட்டு வண்டிக்கு இந்தக் கவலையே இல்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுழலும். இழுக்கிற வேலை மாட்டுடையது. எஞ்சின் வண்டியில் சக்கரத்தையே முடுக்க வேண்டியிருப்பதால் இடையில் ஒரு பல்சக்கரப் பெட்டி தேவைப்பட்டது. அதுதான் டிஃபரன்ஷியல். பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் 1820-களின் கடைசியில் நீராவி வண்டிக்காக அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

★ இந்தப் பெட்டிக்கு ஒரு அசட்டு நேர்மை உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் முறுக்கு விசையைச் சரிசமமாகத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பில்லாமல் சுற்றினால், அதற்குப் போகும் சொற்ப விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் இன்னொன்றுக்கும். முந்நூறு குதிரைத்திறன் இருந்தும் வண்டி நகராது. சறுக்குகிற சக்கரத்தை ஓரளவுக்கு மேல் தனியாகச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் 'லிமிடெட் ஸ்லிப்' டிஃபரன்ஷியல்.

★ இதைக் கேட்டு வாங்கியவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. அவர் வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் கார் 1934-ல் களமிறங்கியது. ஓட்டுநருக்குப் பின்னால் 16 சிலிண்டர் எஞ்சின். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும்கூட ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்சக்கரங்களில் ஒன்று வெறுமனே சுழன்றது. 1935-ல் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்திடம் தீர்வு கேட்டார். அவர்கள் கொடுத்ததில் மேடுபள்ளமான இரண்டு வளையங்கள். நடுவே நழுவும் இரும்புத் துண்டுகள். ஒரு சக்கரம் அளவுமீறி ஓடினால் துண்டுகள் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். 1936-ல் பந்தய ஓட்டுநர் பெர்ன்ட் ரோஸ்மேயர் ஐரோப்பியச் சாம்பியன் ஆனது ஆட்டோ யூனியன் காரில்தான். அந்த ஆண்டுக் காரின் திறன் சுமார் 520 குதிரைத்திறன்!

★ அதே இசட்எஃப் பெட்டி இரண்டாம் உலகப் போருக்கும் போனது. ஜெர்மன் ராணுவத்தின் கியூபல்வாகன் பின்சக்கரங்களால் மட்டுமே ஓடுகிற எளிய வண்டி. சேற்றிலும் மணலிலும் அது தாக்குப்பிடிக்க இந்தப் பெட்டியும் ஒரு காரணம்.

★ அமெரிக்கக் கார்களில் முதலில் கொண்டுவந்தது பேக்கார்ட், 1956-ல். அடுத்த ஆண்டே செவ்ரோலே 'பாசிட்ராக்‌ஷன்' என்றது. பிறகு ஆளாளுக்கு ஒரு பெயர்: போன்டியாக்கில் 'சேஃப்-டி-டிராக்', கிரைஸ்லரில் 'ஷ்யூர்-கிரிப்', ஓல்ட்ஸ்மொபைலில் 'ஆன்டி-ஸ்பின்', ஃபோர்டில் 'டிராக்‌ஷன்-லாக்'. பெயர்தான் பல, உள்ளே பெரும்பாலும் கிளட்ச் தகடுகளின் அடுக்குதான். கடைசியில் செவ்ரோலேயின் பெயரே நின்றது. எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் அமெரிக்க மெக்கானிக்குக்கு அது 'பாசி'.

★ சாலையில் விழுந்த டயர்த் தடத்தை வைத்தே வழக்கை உடைக்கலாம்! 1992-ல் வந்த 'மை கசின் வின்னி' படத்தின் நீதிமன்றக் காட்சியில் நடிகை மரிசா டோமே அதைத்தான் செய்கிறார். இரண்டு தடமும் ஒரே அளவில் இருக்கின்றன. ஆகவே காரில் பாசிட்ராக்‌ஷன் இருந்திருக்க வேண்டும். நடைபாதை விளிம்பில் ஏறியபோதும் தடங்கள் சாயவில்லை. ஆகவே பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்டவை. இரண்டுமே குற்றம் சாட்டப்பட்டவர்களின் 1964 பியூயிக் ஸ்கைலார்க்குக்குப் பொருந்தாது. தடம் பதித்த கார் 1963 போன்டியாக் டெம்பஸ்ட் என்று முடிக்கிறார். துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. இவ்வளவு மெக்கானிக் பேச்சை ரசிகர்கள் வாய்பிளந்து கேட்ட இன்னொரு படம் எனக்கு ஞாபகமில்லை.

★ திமிங்கலத்துக்கும் காருக்கும் என்ன உறவு? கிளட்ச் தகடு வகைப் பெட்டிகள் மெதுவாகத் திரும்பும்போது கடகடவென்று அதிரும். அதை அடக்க, கியர் ஆயிலில் ஒரு சேர்மானம் கலப்பார்கள். பழைய அமெரிக்கக் கார்களில் அந்தச் சேர்மானம் ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயிலிருந்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை போட்டதும் வேதியியலாளர்கள் மாற்று தேடி ஓடினார்கள். இன்றும் பெட்டி அதிர்ந்தால் பழைய வைத்தியம் இதுதான்: சேர்மானம் ஊற்றி, காலி மைதானத்தில் எட்டுப் போடு.

★ இங்கிலாந்தின் 3.8 லிட்டர் ஜாகுவார் மார்க் 2-வில் 'பவர்-லாக்' பெட்டி பொருத்தியே விற்றார்கள். அந்தக் காரைப் போலீசும் விரும்பியது, கொள்ளையரும் விரும்பினார்கள்.

★ கிளட்ச் தகடே இல்லாமல் முடியாதா? முடியும் என்றார் அமெரிக்கர் வெர்னான் கிளீஸ்மன்; 1958-ல் காப்புரிமை. திருகுப் பல்சக்கரம் தன்னோடு இணைந்த சக்கரத்தை எளிதாகச் சுற்றும். எதிர்த்திசையில் அந்தச் சக்கரம் திருகைச் சுற்றுவது கஷ்டம். இந்தப் பிடிவாதத்தையே பயன்படுத்திக்கொண்டார். இதன் பெயர் 'டோர்சென்'. 1980-களின் பிற்பகுதியில் ஆடி குவாட்ரோவின் முன், பின் அச்சுகளுக்கு நடுவே இதுதான் உட்கார்ந்தது.

★ பழைய காரை வாங்கும்போது விற்பவர் "பாசி இருக்கு சார்" என்றால் அப்படியே நம்ப வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஜாக்கி போட்டுப் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கித் தாங்கியில் நிறுத்துங்கள். ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் அது சாதாப் பெட்டி, அல்லது தகடு தேய்ந்துபோன பெட்டி. ஒரே பக்கம் சுற்றினால் விற்பவர் சொன்னது உண்மை. அப்படிப்பட்ட காரில் ஒற்றைச் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு கியர் போட்டுவிடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரம் காரை ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு கிளம்பிவிடும்.