‘காமம் கச்சாமி’ என்றால் ஊருக்குப் போகிறேன்

கோலார் தங்கவயலின் பாலகாட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: “சார், பாலி படிக்கணும். எந்த இலக்கணப் புத்தகம் வாங்கட்டும்?” விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறவர். போக வர ரயிலில் கிடைக்கும் நேரம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

தங்கவயலில் இப்படி ஒருவர் கேட்பதில் வியப்பில்லை. 1898-இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசர் தொடங்கிய பௌத்த சங்கத்துக்கு, மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சுரங்கத் தொழிலாளர்கள் கிளை கண்டார்கள். அவருடைய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்தபின் 1926-இல் அப்பாதுரையாரின் முயற்சியில் மீண்டும் எழுந்தது இங்கேதான். அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்தா புத்தகசாலையும் இவ்வூரில்தான் இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். பாலியில் திரிசரணம் சொல்லும் வழக்கம் மூடப்படவில்லை.

சரணத்தில் வரும் ‘கச்சாமி’யையே எடுத்துக்கொள்வோம். ‘போகிறேன்’ என்று பொருள். ‘கச்சாம’ என்றால் ‘போகிறோம்’. நம் ஏன், ஓம் போலத்தான். விகுதி மாறினால் ஆள் மாறிவிடுகிறார். இனி ‘காமம் கச்சாமி’ என்று எழுதிப் பாருங்கள். கண் கூசும். உண்மையில் இது ‘ஊருக்குப் போகிறேன்’ என்ற சாது வாக்கியம். பாலியில் ஊருக்கு ‘காம’ என்று பெயர், ‘கிராம’த்தின் உறவு. முதலெழுத்து ‘கங்கை’யின் இரண்டாம் ககரத்தைப் போல ஒலிக்க வேண்டும். ஆசையைக் குறிக்கும் ‘காம’ வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே தமிழெழுத்தில் அச்சிட்ட பாலியை ஓதலாம். அதை வைத்து மொழி படிக்கக் கூடாது. மேலே சிறு எண் போட்டு வேறுபடுத்தும் முறை உண்டுதான், எனக்கு அது கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கிறது. தங்கவயல் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். பள்ளியில் படித்த கன்னட எழுத்தில் பாலியின் ஒலிகளுக்கெல்லாம் இடமிருக்கிறது. இகத்புரி விபஸ்ஸனா ஆய்வு நிறுவனத்தின் இணையத் திரிபிடகத்தைக் கன்னட எழுத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துக்குக் கன்னடம் என்றால், இலக்கணத்துக்குத் தமிழ். பாலியின் வேற்றுமைகளும் எட்டு. அவற்றுக்கும் எண்ணே பெயர். ‘துதியா’ என்றால் இரண்டாவது, ‘சத்தமீ’ என்றால் ஏழாவது. கடைசியில் விளி. வரிசைகூட நம் வரிசைதான். ‘நரேன’ என்றால் மனிதனால், ‘நரஸ்ஸ’ என்றால் மனிதனுக்கு. ஆங்கிலப் புத்தகத்தில் அக்யூஸேடிவ், லொகேடிவ் என்று மிரட்டினால் ஓரத்தில் 2, 7 என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள், போதும். ஒரே எச்சரிக்கை: நாம் ஊர்‘க்கு’ப் போகிறோம்; பாலிக்காரர் ஊ‘ரை’ப் போகிறார். போகுமிடத்துக்கு அங்கே இரண்டாம் வேற்றுமை.

கேட்டவருக்கு நான் சொன்ன முதல் புத்தகம் லில்லி டி சில்வாவின் ‘பாலி பிரைமர்’. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியை எழுதியது. 1994-இல் இகத்புரி நிறுவனம் வெளியிட்டது. 32 பாடங்கள். தொடக்கத்தில் வேற்றுமைக்கு ஒரு பாடம், பிறகு இரு பக்கமும் மொழிபெயர்க்கப் பயிற்சி. உழவரும் நாயும் குரங்கும் திரும்பத் திரும்ப வந்து அலுப்பூட்டும்தான். அந்த அலுப்பில்தான் சொல் நாக்கில் ஏறுகிறது. அடுத்து, நேரே சூத்திரப் பகுதிகளைக் கையில் கொடுத்துப் படிக்க வைக்கும் கெய்ர், கருணாதிலக இருவரின் 1998 நூல். வார்டர் 1963-இல் எழுதிய ‘இன்ட்ரடக்‌ஷன் டு பாலி’யை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள், நல்ல நூல், ஆனால் ரயிலில் நின்றுகொண்டு படிக்க முடியாது. கைகரின் பாலி இலக்கணத்துக்கு அவசரமே வேண்டாம். அது மொழி வரலாற்று ஆய்வாளர்களுக்கு.

அம்பேத்கர் பாலி அகராதியும் இலக்கணமும் தொகுத்து வைத்தார். அவை மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அவருடைய எழுத்துத் தொகுதியில் 16-ஆம் பாகமாக வந்தன. ஒரு மனிதர் எவ்வளவு பொறுமையாகப் படித்தார் என்று பார்க்கவாவது புரட்டலாம்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம். பாலி இலக்கணங்களில் முதலில் வைத்துச் சொல்லப்படும் கச்சாயனத்தை, மாணவர்களுக்கு ஏற்றபடி அடுக்கி ‘ரூபசித்தி’ என்று எழுதியவர் சோழநாட்டுப் பிக்கு. புத்தப்பிரியர், தீபங்கரர் என்று பெயர். பாலிப் பாடநூலே தமிழ்நிலத்துக்காரர் கைவண்ணமாக இருந்திருக்கிறது. வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணம் எழுதிய புத்தமித்திரரும் பௌத்தரே. இன்றோ என் கைக்கு வந்த பாலிப் பாடநூல்கள் எல்லாம் ஆங்கிலம். 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு பாலியைச் செம்மொழியாகவும் அறிவித்துவிட்டது.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் தங்கவயலில் இருக்கிறீர்கள். எட்டு வேற்றுமையும் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஐம்பது பக்கத்தில், நம் இலக்கணச் சொற்களிலேயே, பாலிக்கு ஒரு கைநூல் எழுதுங்கள். பாலகாட்டிலிருந்து முதல் பிரதியை வாங்க ஆள் தயாராக இருக்கிறார்.