கர்ர்ர்... என்றது கியர்!

எங்கள் தெருவில் கோழி கூவி யாரும் எழுந்திருப்பதில்லை. காலை ஆறு மணிக்கு நான் அம்பாஸடரைக் கிளப்பி இரண்டாவது கியர் போடுவேன். 'கர்ர்ர்ர்...!' அவ்வளவுதான், கணபதி ஏரியாவே பல் தேய்க்கப் புறப்பட்டுவிடும்.

"ஏனுங்க, வண்டிக்குள்ள கரும்பு மிஷின் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று எதிர்வீட்டு அம்மணி ஒருநாள் கேட்டே விட்டார்.

வண்டி என் மாமனாருடையது. பொள்ளாச்சிக்காரர், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ரிட்டயரான பணத்தில் பழைய அம்பாஸடர் ஒன்றை வாங்கிக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். கண் பார்வை மங்கியதும் சாவியை என் கையில் கொடுத்தார். 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆனாலும், 'வித்துடலாமா மாமா?' என்று அவரிடம் கேட்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "கியர் பாக்ஸ் அவுட் சார், பெட்டியவே மாத்தணும்" என்று சொல்லி ஒரு தொகையை எழுதிக் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் என் தொண்டையிலேயே 'கர்' என்றது. அடுத்த மாசம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம்...

இந்த லட்சணத்தில் குடும்பத்தோடு வால்பாறை! ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் வந்தது வினை. ஆழியாருக்கும் வால்பாறைக்கும் நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை இறங்கியிருப்போம். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினேன். 'கர்ர்ர்...' விழவில்லை. மறுபடியும் 'கர்ர்ர்...' ஊஹும். வண்டி நியூட்ரலில் உருள்கிறது. எதிரே வளைவு. பிரேக்கை மிதித்தபடியே வந்ததில் லைனர் தீய்ந்த வாசனை வேறு. பின் சீட்டில் மனைவி முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த மாமனார் பதட்டப்படாமல் சொன்னார்: "மாப்ள, அழுத்தி மிதிச்சு வேகத்தைக் கொறைங்க. இப்ப கிளட்சை விடுங்க. நியூட்ரல்லயே ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டுங்க. ம்... கிளட்சை மிதிச்சு, ரெண்டாவது போடுங்க!"

போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது! இஞ்சின் பிடித்துக்கொள்ள, வண்டி முனகிக்கொண்டே நிதானத்துக்கு வந்தது.

ஒன்பதாவது வளைவில், ஆழியார் அணை தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது.

"இதுதானுங்க மாப்ள டபுள் கிளட்ச்" என்று பாடத்தை ஆரம்பித்தார். "ஓடற டவுன் பஸ்ல ஏறணும்னா என்ன பண்றோம்? கூடவே ஓடி, அதே வேகம் வந்தப்பறம்தான் கம்பியைப் புடிக்கிறோம். நின்ன எடத்துல இருந்து தாவுனா பல்லு போயிரும். கியருக்கும் அதே கதைதான்."

நவீன கார்களில் இந்த வேலையை 'சிங்க்ரோ' என்கிற பித்தளை வளையம் பார்த்துக்கொள்கிறது. சுற்றுகிற இரண்டு பாகங்களையும் உரசி, ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் பல்லைச் சேரவிடும். எர்ல் தாம்ஸன் என்ற அமெரிக்கரின் யோசனை; 1928-ல் காடிலாக் கார்களில் வந்தது. நம் ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தன் முதல் பஸ்ஸை ஓட்டியபோது அந்த வளையமே பிறக்கவில்லை. காதும் காலும்தான் சிங்க்ரோ! பழைய அம்பாஸடரில்கூட மேல் மூன்று கியருக்குத்தான் சிங்க்ரோ. முதல் கியருக்குக் கிடையாது. வண்டி உருளும்போது அதைப் போட்டால் கத்தத்தான் செய்யும்.

"இத்தனை நாள் ஏன் மாமா சொல்லலே?"

"மாப்ளைகிட்ட போயி, 'உங்களுக்கு ஓட்டத் தெரியலீங்க'ன்னு எப்படீங்க சொல்றது?" என்றார். மரியாதை எங்களை மலையிலிருந்து உருட்டியிருக்கும்!

ஊர் திரும்பியதும் அவருக்குத் தெரிந்த பழைய மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்பானரையே தொடவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டார். எல்லாம் வழுவழுவென்று விழுந்தன. பிறகு இஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுசாக மிதித்து, ஐந்து எண்ணி, ரிவர்ஸ் போட்டார். 'கர்ர்ர்!'

"கிளட்ச் முழுசா வெட்டலீங்க. பெடல் பாதி தூரம் சும்மா போகுது பாருங்க. பெட்டி மேல பழியப் போட்டா எப்படீங்க?"

பெடலின் வெற்று ஆட்டத்தைச் சரி செய்தார். ரிவர்ஸும் மற்ற கியர்களும் அடங்கிவிட்டன. இரண்டாவது மட்டும், வண்டி ஓடும்போது லேசாக முனகியது. நான் மாசக்கணக்கில் முரட்டுத்தனமாகத் தள்ளித் தள்ளி அதன் பித்தளை ரிங் தேய்ந்திருந்தது. முதல் நாளே கிளட்சைப் பார்த்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கும். ரிங் மாற்றப் பெட்டியை இறக்கத்தான் வேண்டியிருந்தது. உக்கடம் கடைகளில் அலைந்து ரிங் வாங்கினேன். ஆனால் புதுப் பெட்டி வாங்கவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். எல்லா கியரும் கத்தினால் முதலில் கிளட்சைப் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினால் ரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் உள்ள வண்டியானால், கீழே போகிற கம்பிகளின் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். கியர் ஆயில் அளவும் ரகமும் கம்பெனி புத்தகத்தில் உள்ளபடி இருக்கட்டும். 'எச்சா வழுக்குற ஆயிலா ஊத்துனா நல்லது'ன்னு நினைக்காதீர்கள். ரிங் உரசிப் பிடிக்க முடியாமல் போகும். முக்கியமாக, கத்துகிற கியரோடு மலை ஏறாதீர்கள். இறங்கும்போது இஞ்சின் பிடிமானம் போனால், பிரேக் எத்தனை வளைவுக்குத் தாங்கும்?

இப்போது காலை ஆறு மணிக்கு எங்கள் வண்டி சத்தமில்லாமல் கிளம்புகிறது. மாமனார் முன் சீட்டில் கண்ணை மூடி, என் ஒவ்வொரு கியரையும் காதால் மார்க் போடுகிறார்.

ஒரே ஒரு புகார்தான். எதிர்வீட்டு அம்மணி நேற்று கேட்டார்: "ஏனுங்க, இப்பல்லாம் வண்டி எடுக்கறதே இல்லீங்களா? எம் பையன் தினமும் ஸ்கூலுக்கு லேட்டுங்க!"